ஐந்து மடங்கு

எடை வேறு, நிறை வேறு என்பது தெரியாத ஒருவனோடு ஒரே வீட்டில் பெண் எடுத்துத் தொலைத்ததைத்தான் தன் வாழ்க்கையில் நேர்ந்த பெரிய அவமானமாக அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அந்த ஒருவன் அவனுடைய சகலை. சகலையோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மாமனாருக்கும் தெரியாது, மச்சானுக்கும் தெரியாது. தெரியாது என்பதில் அவர்களுக்குக் கொஞ்சமும் வெட்கம் இல்லை. அதுதான் அவனுக்கு வயிற்றெரிச்சல்.

மாமனார் பளுத்தூக்கிகள், அதாவது கிரேன்கள், செய்யும் பட்டறை வைத்திருந்தார். பட்டறை என்று யாராவது சொன்னால் கோபித்துக்கொள்வார், நிறுவனம் என்று சொல்ல வேண்டும். மகன், அதாவது மச்சான், இரும்பும் சாமானும் வாங்குகிறவன். சகலை, செய்து முடித்த கிரேனை வாடிக்கையாளர் இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறவன். நம் ஆள் மூத்த மாப்பிள்ளை. குடும்பத்திலேயே அவன் ஒருவன்தான் பொறியியல் கல்லூரியின் வாசலை உள்பக்கமிருந்து பார்த்தவன். ஆகவே அவனுக்கு மாடியில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறை, பெரிய கணினி, சுழலும் நாற்காலி. வரைபடம் போடுவதும் கணக்குப் போடுவதும் அவன் வேலை. அடுத்தவர் வாயில் வரும் சொல்லைத் திருத்துவது அவனாக எடுத்துக்கொண்ட வேலை, அதற்குத்தான் அதிக நேரம் செலவழித்தான்.

வீட்டில் அவனுக்கு அகராதி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, ஆனால் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

மச்சான் கடைக்காரனிடம் போனில், கம்பி நல்ல ஸ்ட்ராங்கா இருக்கணும், வளையக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தால் இவன் மாடிப்படியிலிருந்து தொண்டையைக் கனைப்பான். வளையாமல் இருப்பது விறைப்பு, உடையாமல் இருப்பது வலிமை, இரண்டும் ஒன்றல்ல என்பான். சகலை, வெல்டிங் சூடு எத்தனை டிகிரி என்று கேட்டால், சூடு என்பது ஆற்றல், டிகிரி என்பது வெப்பநிலை, எதைக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்பான். சகலை எதையும் கேட்காமல் போய்விடுவான். ஒருநாள் கொழுந்தியாள் தன் தலைமுடி ரப்பரைக் காட்டி, எலாஸ்டிக் போய்விட்டது என்றாள், பாவம். ரப்பரைவிட இரும்புக்குத்தான் மீள்தன்மை அதிகம் என்று தொடங்கியவன், அவள் தலையை வாரி முடித்து, பை எடுத்து, செருப்பு மாட்டி, தெருமுனையைத் தாண்டும் வரை நிறுத்தவில்லை.

இத்தனையும் சரியான தகவல்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவன் தப்பாக எதுவும் சொன்னதில்லை. அவன் சொன்னதால் யாருக்கும் எதுவும் விளங்கியதில்லை, அவ்வளவுதான்.

ஒரே ஒரு தடவை விளங்கியது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமனார் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். அன்று மச்சான் பிளாஸ்டிக் நாற்காலியில் பின்னால் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தான். உடம்பு கொஞ்சம் பெருத்தவன். நாற்காலி கிரீச்சிட்டது. உடைந்துவிடப் போகிறது என்று மாமனார் அதட்டினார். இவன் வாயைத் திறந்தான்.

"உடையாது மாமா. அஞ்சு பேர் உக்காந்தாதான் இது உடையும்னா, அதுல ஒருத்தரை மட்டும்தான் உக்காரச் சொல்லுவாங்க. அதுக்குப் பேரு சேஃப்டி ஃபேக்டர். நம்ம கிரேனுக்கும் அதே அஞ்சுதான் வைக்கிறேன். ரெண்டு டன்னுன்னு எழுதியிருந்தா பத்து டன் தொங்கினாத்தான் விழும்."

மச்சான் ஆடுவதை நிறுத்தினான். சகலை கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்திருந்தான். மாமனார், ஐந்து மடங்கா, ஐந்து மடங்கா என்று இரண்டு தரம் கேட்டார். அவர் முகத்தில் புதையல் கண்டவனின் களை. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குடும்பம் அவன் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டது அன்றுதான். அவனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஐந்தை எதற்காக வைக்கிறார்கள் என்பதை அவன் சொல்லவில்லை. துருவுக்காக, திடீர்க் குலுக்கலுக்காக, சரியாகப் பிடிக்காத வெல்டுக்காக, காற்றுக்காக, நமக்குத் தெரியாமல் போய்விட்ட எல்லாவற்றுக்காகவும் ஒதுக்கி வைப்பது அது, தொடக் கூடாதது என்று ஒரு வாக்கியம் சேர்த்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை. அவனுக்கும் சொல்லுக்குப் பொருள் சொல்வதில் இருந்த ருசி, அந்தப் பொருள் எதற்குப் பயன்படும் என்பதில் இருந்ததில்லை.

அந்த நிறுவனத்தில் இன்னொரு கூத்து உண்டு. கிரேனை ஒப்படைக்கிற அன்று மாமனார் குடும்பத்தோடு போவார். முதல் பளுவைத் தூக்கித் தலைக்கு மேலே தொங்கவிட்டு, அதற்கு நேர் கீழே குடும்பம் மொத்தமும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்ளும். எங்கள் கிரேனை நம்பி எங்கள் பிள்ளைகுட்டிகளையே நிறுத்துகிறோம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொள்வதற்கு. தொங்கும் பளுவுக்குக் கீழே நிற்காதே என்பதுதான் கிரேன் தொழிலில் சேருகிறவனுக்குச் சொல்லித்தரும் முதல் விஷயம். இவர்கள் அதையே விளம்பரமாக்கி, சட்டம் போட்டு, அலுவலகச் சுவர் நிறைய மாட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு படத்திலும் அதே பல்வரிசைகள், மேலே வெவ்வேறு பளு.

எந்தப் படத்திலும் மூத்த மாப்பிள்ளை இல்லை. அவன்தான் எப்போதும் கேமராவைப் பிடித்துக்கொள்வான். மற்றவர்களுக்கு ஃபோகஸ் என்றால் என்னவென்று தெரியாது என்று காரணம் சொல்வான். அது பொய்யான காரணமும் இல்லை.

இதுவரை பட்டறையில் செய்ததெல்லாம் மாமனாரின் பழைய வரைபடங்களின் நகல். முதன்முதலாக முழுக்க முழுக்க இவன் கையால் ஒரு கிரேன் உருவாயிற்று. கல் அறுக்கும் ஆலை ஒன்றுக்கு. தரையில் ஆணியடித்து நிறுத்திய ஒற்றைத் தூண், அதன் தலையிலிருந்து பக்கவாட்டில் நீளும் ஓர் இரும்புக் கை, கையின் அடியில் முன்னும் பின்னும் ஓடும் மோட்டார் வைத்த கொக்கி. மனிதன் ஒருவன் கையை நீட்டி வாளியைத் தூக்கிப் பிடித்திருப்பது மாதிரி. வாளி உடம்பை ஒட்டி இருந்தால் சுலபம், கை நீள நீளச் சிரமம். அந்தச் சிரமம் முழுவதும் கடைசியில் தூணின் காலடித் தகட்டிலும் அதைத் தரையோடு பிடித்திருக்கும் ஆணிகளிலும் வந்து நிற்கும்.

வரைபடம் பட்டறைக்குப் போய், தகடெல்லாம் வெட்டியாகிவிட்ட பிறகு, அவன் தன் கணக்கை மறுபடி திறந்தான். சரிபார்க்க இல்லை, ரசிக்க. தன் கணக்கை ரசிப்பது அவனுக்குப் பழக்கம். பாதியில் அவனுடைய புன்னகை உறைந்தது. தூக்கப்போகும் கல்லின் எடையைப் போட்டிருந்தான். இரும்புக் கையின் எடையைப் போடவில்லை. மோட்டாரும் கொக்கியும் சேர்ந்து ஒரு கனம் இருக்கிறதே, அதையும் போடவில்லை. எதையும் தூக்குவதற்கு முன் ஒரு கிரேன் தன்னைத்தானே தூக்கியாக வேண்டும். தன்னெடை என்று அதற்குப் பெயர். பாடப்புத்தகத்தில் முதல் அத்தியாயம். அவன் வகுப்பின் கடைசி பெஞ்சுக்காரன்கூட மறந்திருக்கமாட்டான்.

கீழே இறங்கிப் போய், தகட்டைக் கொஞ்சம் தடிமனாக வெட்டுங்கள், ஆணியைப் பெரிதாகப் போடுங்கள் என்று சொன்னால் தீர்ந்தது. அவன் எழுந்து கண்ணாடிக் கதவு வரைக்கும் போனான். கீழே மச்சான் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பு நாளைக்குத் தன் பக்கம் திரும்பினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். விறைப்பு வேறு வலிமை வேறு என்று படித்துப் படித்துச் சொன்னவருக்குச் சொந்தக் கிரேனின் எடை தெரியவில்லையாம் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பரிமாறுவார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தான். விட்டுப்போனதைச் சேர்த்து மனதுக்குள் கணக்குப் போட்டான். ஐந்து, நான்காகக் குறைந்தது.

நான்கு தாராளம் என்று சொல்லிக்கொண்டு கோப்பை மூடினான். ஐந்தை எதற்காக வைக்கிறார்கள் என்று தெரிந்த ஒரே ஆள் அந்தக் கட்டடத்தில் அவன்தான் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒப்படைக்கும் நாள் வந்தது. கல் ஆலை என்றால் எங்கு பார்த்தாலும் வெள்ளைத் தூள். சுவரில், குழாயில், ஆட்களின் புருவத்தில். ஒரு பக்கம் அறுக்காத பாறைகள், எதிர்ப்பக்கம் அறுக்கும் மேடை, நடுவே பச்சைப் பெயின்ட் அடித்த புதுக் கிரேன். குடும்பம் முழுக்கத் துவைத்து மடித்த உடையில் வந்து இறங்கியது. அவனுடைய மகள், பள்ளிக்கூடத்துப் பெண், வண்டியை விட்டு இறங்கியதும் நேரே தூணுக்குப் போய் அதைத் தட்டிப் பார்த்தாள். அப்பா செய்தது என்று ஆலைக்காரரின் கணக்குப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். படத்தில் தான்தான் முன்னால், நடுவில் நிற்பேன் என்று வழியெல்லாம் சண்டை போட்டு வாங்கி வைத்திருந்தாள்.

ஒரு பாறையை ஏற்கெனவே கட்டித் தூக்கி, தூணை ஒட்டியே தொங்கவிட்டிருந்தார்கள். இனி கொக்கியைக் கையின் நுனிக்கு ஓட்டிப் போக வேண்டும், அங்கேதான் அறுக்கும் மேடை. மேடைப் பக்கத்துக் காலி இடத்தில்தான் குடும்பம் நிற்க வேண்டும்.

பாறை அவன் கண்ணுக்குப் பெரிதாகப் பட்டது. ஆலைக்காரரிடம் கேட்டான். மூன்று டன் இருக்கும் என்றார் அவர், சாவகாசமாக. கிரேன் இரண்டு டன்னுக்குத்தானே என்றான். மாமனார் குறுக்கே விழுந்து சிரித்தார். எழுதியதுதான் இரண்டு, மூன்று தாராளமாகத் தூக்கும் என்று தானே சொல்லிக் கொடுத்ததாகப் பெருமையடித்துக்கொண்டார். ஐந்து மடங்கு வைத்துச் செய்கிறோம் என்று சொன்னதால்தான் ஆர்டரே கிடைத்ததாம்.

அவன் முகம் கறுத்தது. சொல்லுக்குப் பொருள் தெரியாத மனிதனிடம் சொல்லைக் கொடுத்தால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு, தூணின் அடியைப் பார்க்கப் போனான். காலடித் தகடு மெல்லிசாக இருந்தது. அவன் எழுதியது அதுவல்ல. மச்சானைக் கூப்பிட்டான். நீ கேட்ட தடிமன் கடையில் இல்லை, அதற்கடுத்த மெல்லிசுதான் இருந்தது, ஐந்து மடங்கு இருக்கும்போது என்ன என்று வாங்கிவிட்டேன் என்றான் மச்சான், ஏதோ கெட்டிக்காரத்தனம் செய்தவன் மாதிரி. தகடு மெலிந்தால் வளையும், வளைந்தால் ஆணியை நெம்பும் என்று சொல்ல வாயெடுத்தவன், ஆணிகளைப் பார்த்தான். எட்டுத் துளை. நாலில்தான் ஆணி. மீதி நாலில் பெயின்டைக் குழைத்து அடைத்திருந்தது.

சகலை தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். துளை போடும்போது தரைக் கான்கிரீட்டுக்குள் இருந்த கம்பி தட்டியதாம். தூணைக் கொஞ்சம் நகர்த்தினால் மறுபடி எட்டும் போட வேண்டும், அதற்குள் இருட்டிவிடும். ஐந்து மடங்கில் பாதி போனாலும் இரண்டரை மடங்கு மிச்சம் இருக்கிறதே அண்ணே என்றான். கணக்கு மட்டும் சரியாகப் போட்டிருந்தான் படுபாவி.

ஒருவன் எடுத்தது மற்றவனுக்குத் தெரியாது. ஆளுக்கொரு பக்கமாக ஒரே பானையில் கையை விட்டு, பானை நிறைய இருக்கிறது என்று ஆளாளுக்கு நம்பிக்கொண்டு அள்ளியிருக்கிறார்கள். அவனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஆலைக்காரர் காதில் விழாத தூரத்துக்கு மூன்று பேரையும் தள்ளிக்கொண்டு போய், முட்டாள்களா என்ற சொல்லை மட்டும் சொல்லாமல் மற்றதெல்லாம் சொன்னான். அந்த ஐந்து உங்கள் அப்பன் வீட்டுச் சொத்தா என்று மச்சானிடம் கேட்டான், மச்சானின் அப்பன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார் என்பதையும் மறந்து. பளு என்றால் என்ன, தகைவு என்றால் என்ன, எது எதோடு பெருக்கும் என்று மளமளவென்று விளாசினான். அத்தனை கோபத்திலும் ஒவ்வொரு சொல்லையும் பிசகில்லாமல் உச்சரித்தான்.

மாமனார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு வியாபாரி கேட்கும் கேள்வி ஒன்றைக் கேட்டார்.

"எல்லாரும் எடுத்தது போக மிச்சம் எவ்வளவு மாப்பிள்ளை?"

அவன் மனதுக்குள் போட்டான். பாறை ஒன்றரை மடங்கு, ஆணி பாதி, தகடு மெலிவு. "ஒண்ணுக்குக் கொஞ்சம் மேல" என்றான்.

"ஒண்ணுக்குக் கீழ போனாத்தானே விழும்?"

"ஆமா."

"அப்ப நிக்கும்."

அவனுடைய விளக்கப்படியே நிற்கும். அந்தச் சொல்லின் பொருளை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே அவன்தான். மாமனார் அவன் தோளில் தட்டிவிட்டு, வாருங்கள் எல்லோரும், வெளிச்சம் போவதற்குள் படம் எடுத்துவிடலாம் என்று பெண்களைக் கூப்பிட்டார்.

அவன் சொன்ன கணக்கில் மூன்று பேர் எடுத்ததுதான் இருந்தது. நாலாவது ஆள் எடுத்ததைச் சேர்த்தால் ஒன்றுக்குக் கீழே போயிற்று. அதையும் அவன் போட்டுவிட்டிருந்தான், முதல் கணக்கு முடிவதற்கு முன்பே. சொல்லலாம். நாலு வார்த்தை. ஆனால் இத்தனை நேரம் மூன்று பேரையும் நாயைப் போலக் குதறிவிட்டு, அதே மூச்சில் அந்த நாலு வார்த்தையை எப்படிச் சொல்வது? ஐந்து நிமிடம் முன்னால், திட்டத் தொடங்குவதற்கு முன், கணக்குப் போட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று அவன் பிற்பாடு நினைத்துக்கொண்டான். அதுவும் பொய்.

மகள் ஓடிப்போய் மேடைக்குப் பக்கத்தில் நின்றாள். முன்னால், நடுவில். அவளுக்குப் பின்னால் அம்மா, சித்தி, தாத்தா. இந்தத் தடவை நீங்களும் வாங்க, உங்க கிரேன்தானே என்று மனைவி கூப்பிட்டாள். கேமராவைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துவிடலாம் என்றாள். கொக்கியை ஓட்டும் பொத்தானில் சகலை விரலை வைத்துவிட்டான்.

"இருங்க" என்றான் அவன். குரல் கீச்சென்று வந்தது. "அங்க வெளிச்சம் சரியில்ல. முகமெல்லாம் நிழல் விழுது. பாறையை ஓட்ட வேணாம், இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். நீங்க எல்லாரும் இந்தப் பக்கம், சுவரோரமா வாங்க. நான் கீழேயிருந்து எடுத்தா தலைக்கு மேல தொங்கற மாதிரியே தெரியும்."

அப்படித் தெரிந்தால் போதாதா அவர்களுக்கு? அத்தனை பேரும் சுவரோரம் போனார்கள். கிரேனின் கை எட்டாத இடம். மச்சான் தலையை வாரிக்கொண்டான். அகராதி தரையில் குந்தி, வெள்ளைத் தூளில் முழங்காலைத் தேய்த்து, மூன்று படம் எடுத்தான். அசல் மாதிரியே வந்தது. மாமனார் பார்த்துவிட்டு மெச்சினார். அவனுக்கு ஒரு கணம், ஒரே கணம், தன் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது. இந்த ஜன்மங்களை நகர்த்துவதற்கு அறிவு தேவையில்லை, வெளிச்சம் சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மனைவி படத்தைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு வருடம் அவனோடு குடித்தனம் செய்தவள். அவன் வெளிச்சத்தைப் பற்றிப் பேசும்போது ஒளிர்வு வேறு வெளிச்சம் வேறு என்று ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஆலைக்காரர் கையைத் தட்டினார். படம் முடிந்ததா, நல்லது, இனி வேலையைப் பார்ப்போம் என்றார். மேடையில் கல்லை வாங்கி அமர்த்தும் ஆளைக் கூப்பிட்டார். தலையில் துணி சுற்றிய ஒருவர், புருவம் வெளுத்துப்போனவர், மிச்சமிருந்த தேநீரைக் குடித்து டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு வந்தார். மகள் சற்றுமுன் நின்ற அதே இடத்தில் வந்து நின்று, பாறை வந்தால் பிடித்துத் திருப்புவதற்காக இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டார். சகலை மறுபடி பொத்தானில் விரலை வைத்தான்.

மனைவி அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்கள நகத்திட்டீங்க" என்றாள் மெதுவாக. "அவர யாரு நகத்துவா?"

அவன் அவளைப் பார்த்தான். கையைத் தூக்கியபடி நிற்கும் மனிதரைப் பார்த்தான். அவருக்கு விறைப்பு தெரியாது, வலிமை தெரியாது, யார் யார் எதை எடுத்தார்கள் என்பது தெரியாது. கல் வரும் என்று மட்டும் தெரியும்.

"நிறுத்து" என்று கத்தினான். கத்திவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படியாக, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கணக்குல தப்பு. கையோட எடையையும் மோட்டாரோட எடையையும் நான் சேக்கல. தெரிஞ்சிச்சு. தெரிஞ்சும் விட்டுட்டேன். நுனிக்குப் போனா விழும்."

கல் வாங்கும் மனிதர் கையை இறக்கி, அடி மேல் அடி வைத்துப் பின்னால் நகர்ந்தார். மாமனார் நம்பவில்லை. தூணின் அடிக்குப் போய்க் குனிந்து பார்த்தார். பாறை தூணை ஒட்டித்தான் தொங்கிக்கொண்டிருந்தது, இன்னும் நுனிக்குப் போகவே இல்லை. அதற்குள் காலடித் தகட்டின் ஓர் ஓரம் தரையை விட்டு எழும்பியிருந்தது. சட்டைப் பையிலிருந்து தன் விசிட்டிங் கார்டை எடுத்து அந்த இடைவெளியில் விட்டுப் பார்த்தார். நம்பிக்கைக்கு மறுபெயர் என்று நிறுவனத்தின் பெயருக்குக் கீழே பொன்னெழுத்தில் அச்சடித்த கார்டு. அது முழுசாக உள்ளே போயிற்று, திரும்பி வரவில்லை.

பாறையை அங்கேயே இறக்கிவிட்டார்கள். ஆலைக்காரர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. மாமனார் கையைக் கட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் வண்டிக்குள் நடந்ததுதான் வேடிக்கை. மெல்லிய தகடு வாங்கியவன், பாதி ஆணி அடித்தவன், வாய்க்கு வந்ததைச் சொல்லி விற்றவர், மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் முகம் தெளிந்துவிட்டது. தப்பு மாப்பிள்ளையின் கணக்கில். மாப்பிள்ளையே ஒப்புக்கொண்டாயிற்று. இனி யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. மச்சான் வண்டி ஓட்டிக்கொண்டே, ஏறும்போது எல்லாரும் அவங்கவங்க எடையைச் சேத்துக்கிட்டீங்களா என்று கேட்டான். சகலை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். மகள் அகராதியின் பக்கத்தில் உட்காராமல் பின்வரிசைக்குப் போயிருந்தாள்.

தூணைப் பிடுங்கி, தகட்டை மாற்றி, வேறு இடத்தில் எட்டு ஆணியும் அடித்து நிறுத்திக் கொடுத்தார்கள். சுவரில் அந்தப் படமும் சட்டம் போட்டு மாட்டப்பட்டது. தலைக்கு மேல் தொங்குகிற மாதிரியே இருக்கிறது, ஏன் வீணாக்க வேண்டும் என்றார் மாமனார்.

அடுத்த கிரேனுக்கு வரைபடம் கீழே போனபோது மச்சான் மாடி ஏறி வந்தான். இதுக்கு எத்தனை மடங்கு மாப்ள என்று கண்ணடித்தான்.

"ஒண்ணு" என்றான் அகராதி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணுன்னா?"

"ஒண்ணுதான். மிச்சம் ஒண்ணும் கிடையாது. இரும்பு ஒரு மயிரிழை மெலிஞ்சாலும் விழும்."

மச்சான் வந்த வழியே இறங்கிப் போனான். தகடு எழுதியபடியே வந்தது, ஒரு துளி மெலிவில்லாமல். எடைபோட்டு, அளந்து, ரசீதைக்கூடக் கொண்டுவந்து காட்டினான். சகலை, கம்பி தட்டிய இடத்திலெல்லாம் தூணை நகர்த்தி நகர்த்தி, எல்லா ஆணியையும் அடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான். மாமனார் புது வாடிக்கையாளரிடம், எழுதியதற்கு மேல் ஒரு கிலோ கூடத் தூக்காதீர்கள் என்று கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டார். உண்மையைச் சொன்னபோது திருடிய கைகளெல்லாம், பொய்யைச் சொன்னதும் யோக்கியமாகிவிட்டன. ஒப்படைக்கும் அன்று மாமனாருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. மச்சானுக்கு வேறு ஜோலி. சகலையின் மனைவிக்குத் தலை சுற்றியது. பளுவுக்குக் கீழே நிற்க ஒரு ஈ காக்கை இல்லை. படமே எடுக்கவில்லை.

அகராதி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். ஒன்றாம். அந்த மடையர்கள் நம்பிவிட்டார்கள். அவர்களைப் பற்றி அவன் வைத்திருந்த அபிப்பிராயம் எல்லாம் சரிதான் என்று மறுபடி உறுதிப்பட்டதில் அவனுக்கு ஏகத் திருப்தி. பழையபடி சாப்பாட்டு மேசையில் முதுகை நிமிர்த்தி உட்கார ஆரம்பித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மற்றவர்கள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போயிருந்தபோது மகள் மட்டும் எதிரே இருந்தாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் அவனிடம் அதிகம் பேசுவதில்லை. இன்று தானாகவே கேட்டாள்.

"நிஜமா எத்தனைப்பா?"

அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவளாவது கண்டுபிடித்துவிட்டாள், தன் ரத்தம் அல்லவா. குரலைத் தாழ்த்திக்கொண்டு குறும்பாகச் சொன்னான். "அத யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். சொன்னா, இருக்குதேன்னு ஆளாளுக்கு எடுத்துக்குவாங்க."

மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீங்க எடுத்தீங்களே, அந்த மாதிரியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனாள்.

மச்சான் வருகிற சத்தம் கேட்டதும், அவன் நிமிர்த்திய முதுகை வளைத்து, தட்டில் மிச்சமிருந்ததைச் சாப்பிட ஆரம்பித்தான்.